பழைய வண்டிக்கு ஏற்ற கலப்பி

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் வாணிகம் செய்வோர்க்குச் சிறிய பிக்கப் வண்டி ஒரு கை போன்றது. விடியுமுன் காய்கறி ஏற்றி வருவதும், பூவும் மளிகையும் வீடுதோறும் சேர்ப்பதும் அதன் பணி. அவ்வண்டி முப்பது, நாற்பது ஆண்டு உழைத்ததாயின் ஒரு நாள் மூச்சுத் திணறும், புகை கக்கும், சாலை விளக்கருகே நின்றுவிடும். ‘கார்புரேட்டரை மாற்ற வேண்டும்’ என்பார் போமன். எதை வாங்கி மாற்றுவது? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு முன், அக்கருவி யாது, அது செய்யும் தொழில் யாது என்பதை அறிதல் வேண்டும்.

கரி என்னும் பொருள்படும் ‘கார்போ’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது கார்புரேட்டர் என்னும் பெயர். ‘கரியைச் சேர்ப்பது’ என்பது அதன் முதற்பொருள். தமிழ்க் ‘கரி’யோடு ஒலியொப்புமை இருத்தல் பற்றி இரண்டிற்கும் உறவு கூறுதல் பொருந்தாது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து தருதலே இக்கருவியின் தொழிலாதலின் இதனைக் ‘கலப்பி’ எனலாம். 1893ஆம் ஆண்டில் அங்கேரி நாட்டவரான தோனாத் பாங்கி, யானோஷ் சோங்கா என்னும் இருவர் பெட்ரோலை நுண்துளியாகத் தெளிக்கும் கலப்பிக்குக் காப்புரிமை நாடினர். செருமானியரான வில்லெல்ம் மேபாக்கும் அக்காலத்திலேயே இத்தகைய கலப்பியை அமைத்தார்.

கொசு மருந்து அடிக்கும் பழைய கைப்பம்பைப் பலர் அறிவர். தண்டினை விரைந்து தள்ளினால் காற்று மருந்துக் குழாயின் வாயை உராய்ந்து பாய்கிறது. மருந்து தானே மேலேறித் துளியாகச் சிதறுகிறது. விரைந்தோடும் காற்றில் அழுத்தம் குறையும் என்பதே இதற்குக் காரணம். டேனியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மைக்கு அடிப்படை காணலாம். குழாய் குறுகுமிடத்தில் ஓட்டம் விரைவதை ஆராய்ந்த இத்தாலியர் வெஞ்சுரியின் பெயரால், கலப்பியின் குறுகிய தொண்டை ‘வெஞ்சுரி’ எனப்படுகிறது. இயந்திரம் காற்றை உறிஞ்சுங்கால் அத்தொண்டையில் காற்று விரைகிறது, அழுத்தம் குறைகிறது, மிதவைத் தொட்டியிலுள்ள பெட்ரோல் ‘ஜெட்’ என்னும் நுண்துளை வழியே எழுந்து கலக்கிறது.

எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று என்று கொள்ளலாம். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகையும் வீண் செலவும்; குறைந்தால் சூடும் வலுக்குறைவும். இவ்விரண்டிற்கும் நடுவே நிறுத்துவதுதான் கலப்பியின் கடமை.

இனி, பழுது கலப்பியினுடையதுதானா என்று முதலில் தெளிதல் வேண்டும். அடைத்த காற்று வடிகட்டி, தளர்ந்த பெட்ரோல் பம்பு, பிசகிய தீப்பொறி நேரம், வெடித்த ரப்பர்க் குழாய் ஆகியவையும் இதே குறிகளைக் காட்டும். இவற்றைச் சரிபார்த்த பின்னரே கலப்பியைக் கழற்ற வேண்டும். ஜெட்டில் அழுக்கு, மிதவை ஊசியின் தேய்வு, வாசர்க் கசிவு ஆகியன சிறு செலவில் தீர்வன. ஆனால் காற்று வாயைத் திறந்து மூடும் அச்சு தேய்ந்து ஆடுமாயின், அதன் பக்கமாகக் கணக்கில்லாக் காற்று உட்புகும். ஜெட்டை எவ்வளவு திருத்தினும் இயந்திரம் மெதுவோட்டத்தில் நிலைக்காது. அப்பொழுது அச்சிற்குப் புதிய புஷ் இட வேண்டும். அல்லது கலப்பியையே மாற்ற வேண்டும்.

மாற்றுவோர் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. பெரிய கலப்பி பெரிய வலுவைத் தரும் என்று எண்ணுகின்றனர். கணக்கு வேறு விடை தருகிறது. மலேசியச் சாலைகளில் பெயர்பெற்ற டட்சன் 120ஒய் காரும், டட்சன் 1200 என்னும் சிறு பிக்கப்பும் கொண்டிருந்த ஏ12 இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 1,171 கன செண்டிமீட்டர். நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே தன் முழுக் கொள்ளளவுக் காற்றை உறிஞ்சும். நிமிடத்திற்கு 6,000 சுற்று என்னும் உச்ச ஓட்டத்தில் அது 3,513 லிட்டர் ஆகும். உருளைகள் முழுதும் நிரம்புவதில்லை. எண்பது விழுக்காடு என்று கொண்டால் ஏறத்தாழ 2,800 லிட்டர், அஃதாவது 99 கன அடி. இயந்திரம் கேட்பது இவ்வளவே.

இதற்கு 200 கன அடிக் கலப்பியைப் பொருத்தினால் நேர்வது யாது? அகன்ற தொண்டையில் காற்று மெல்லச் செல்லும். அழுத்தம் போதிய அளவு குறையாது. பெட்ரோல் பொடித்துளியாகாமல் சொட்டாக வீழும். நெரிசலில் ஊர்ந்து செல்லும் சரக்கு வண்டிக்கு இது பெருங்கேடு. பெட்டிமேல் அச்சிட்ட எண்ணையும் அப்படியே ஒப்பிடலாகாது. நான்கு தொண்டைக் கலப்பிகளை 1.5 அங்குலப் பாதரச அழுத்த வேறுபாட்டிலும், ஒன்றிரண்டு தொண்டையுடையவற்றை 3 அங்குலத்திலும் அளப்பது அமெரிக்க வழக்கு. ஆதலின் பின்னதன் எண்ணை 1.41ஆல் வகுத்த பின்னரே முன்னதனோடு ஒப்பிடல் தகும்.

சரக்கு வண்டிக்கு இரு தொண்டை படிமுறைக் கலப்பி ஏற்றது. சிறிய முதல் தொண்டை அன்றாட ஓட்டத்திற்குப் பயன்படும். சுமையோடு ஏற்றம் ஏறும்பொழுது இரண்டாவது திறக்கும். சிக்கனமும் வலுவும் ஒருங்கே கிட்டும்.

அளவு பொருந்தினாலும் உறுப்புகள் பொருந்த வேண்டும். அடித்தட்டின் திருகுத் துளை இடைவெளி, வாயின் விட்டம், முடுக்குக் கம்பி இணையும் பக்கம், சோக் கையால் இழுப்பதா தானே இயங்குவதா, டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் வெற்றிடக் குழாய்க்கு வாய் உண்டா என்னும் ஐந்தையும் பழையதை அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். மின் பம்பு பூட்டிய வண்டியாயின் அதன் அழுத்தத்தை மிதவை ஊசி தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். தாங்காவிடில் பெட்ரோல் வழிந்து சூடான இயந்திரத்தின்மேல் விழும். தீ விபத்திற்கு அதுவே வழி.

கிடைக்குமிடங்கள் மூன்று. தன் வண்டியின் பழைய கலப்பியையே புதுப்பித்தல் முதலாவது. உடல் வளையாதிருப்பின் இதுவே சிறந்தது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் வண்டிகளின் பாகம் விற்கும் ‘ஹாஃப் கட்’ கடை இரண்டாவது. அங்கே வாங்குவது தேய்ந்ததாகவோ வேறு ஜெட் உடையதாகவோ இருத்தல் கூடும். மூன்றாவது புதிய போலி வார்ப்பு, விலை குறைவு, ஆயினும் ஜெட் எண்ணும் மிதவை மட்டமும் சரிபார்க்காமல் பூட்டலாகாது.

பூட்டிய பின் சில நாள் ஓட்டித் தீப்பொறிச் செருகியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். அதன் முனை வெளிர்பழுப்பாயின் கலவை செவ்விது. கரிபடிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. கேமரன் மலைக்குக் காய்கறி வாங்கச் செல்லும் வண்டி அங்கே சற்றுத் திணறுவது இயல்பு. தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தது; அங்குக் காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு குறையும்; கலவையில் பெட்ரோல் விகிதம் மிகும். இதற்காக ஜெட்டைச் சிறிதாக்கினால், கிள்ளானுக்கு இறங்கியதும் இயந்திரம் சூடேறும். உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் இட்டாலும் கலவைக் குறை தீராது. ஆக்டேன் எண் காட்டுவது பெட்ரோலின் அடிப்பு தாங்கும் இயல்பையே.

புதிய வண்டிகளில் கணினி ஆளும் தெளிப்பு முறை கலப்பியின் இடத்தைப் பெற்றுவிட்டது. எனினும் புதுவண்டி வாங்க இயலாத சிறு வணிகர்க்குப் பழைய வண்டியே நாட்கூலியும் முதலும் ஆகும். அதற்கு வேண்டுவது விலையுயர்ந்த கலப்பியன்று, பெரியதுமன்று. தன் இயந்திரம் எவ்வளவு மூச்சு வாங்கும் என்று கணக்கிட்டு, அவ்வளவிற்குத் தக்கதைத் தேர்பவர் வண்டியையும் காப்பார், கைப்பொருளையும் காப்பார்.