கீரை வாடுறதுக்குள்ள பஞ்சர் போடலாம்

பனமலை ஏரிக்கரைப் பக்கம் வண்டி ஓட்டுறவங்களுக்குச் சீமைக் கருவேல முள்ளைப் பற்றிப் புதுசா சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் கீரைக் கட்டுகளைக் காரில் ஏற்றிக்கிட்டு செஞ்சிக்குக் கிளம்புறோம். வழியில் டயர் இறங்கினால், பஞ்சர் கடை திறக்கிறதுக்குள்ள கீரை வாடிப்போகும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆச்சு. அப்புறம்தான் இந்த வேலையைக் கற்றுக்கிட்டேன். வங்கியில் பேனா பிடித்த கைக்கே வருதுன்னா, மண்வெட்டி பிடிக்கிற கைக்கு வராதா? காற்றடைத்த டயரை 1888-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜான் பாய்ட் டன்லப்பே ஒரு கால்நடை மருத்துவர்தான்.

இப்போ வரும் கார்களில் பெரும்பாலும் டியூப்லெஸ் டயர். டயரின் விளிம்பே இரும்பு வளையத்தோடு இறுகி உட்கார்ந்து காற்றைப் பிடிச்சு வைக்குது. ஆணியோ முள்ளோ குத்தினால், அதுவே துளையை ஓரளவு அடைச்சுக்கும். காற்று மெதுவாத்தான் இறங்கும். அதனால் பார்த்தவுடனே பிடுங்கிடாதீங்க. சாமான் எல்லாம் பக்கத்தில் தயாரா இருந்தால் மட்டும் பிடுங்குங்க.

கடன் கொடுக்கிறதுக்கு முன்னால் தகுதி பார்ப்போமே, அது மாதிரி டயருக்கும் பார்க்கணும். தரையில் படுகிற தடிமனான பகுதியில் குத்தியிருக்கணும். துளை 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பக்கவாட்டிலோ ஓரத்திலோ குத்தியிருந்தால் தொடவே வேண்டாம். சக்கரம் சுற்றுறப்போ பக்கவாட்டுப் பகுதி வளைந்து வளைந்து நிமிரும். அங்கே வைத்த அடைப்பு நிற்காது, வேகத்தில் வெடிக்கலாம். காற்றில்லாமல் ஓட்டிவந்த டயரும் உள்ளே நைந்திருக்கும். இதுக்கெல்லாம் ஸ்டெப்னியை மாட்டிக்கிட்டு கடைக்குப் போறதுதான் வழி.

சில நூறு ரூபாயில் பஞ்சர் கிட் கிடைக்குது. துளையைச் சுரண்டும் முறுக்கு ஊசி, காது வைத்த ஊசி, பிசுபிசுன்னு ஒட்டும் ரப்பர் திரி, சொல்யூஷன் இருக்கும். கூட ஒரு குறடு, பிளேடு, காரின் 12 வோல்ட்டில் ஓடும் காற்று பம்பு, காற்று அளவு பார்க்கும் கேஜ் வேணும்.

1. கெட்டித் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுங்க. முன் சக்கரம்னா ஸ்டியரிங்கைத் திருப்பினாலே பெரும்பாலும் கைக்கு எட்டும்; ஜாக்கி தேவைப்படாது.

2. ஓட்டை தெரியலைன்னா, பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரைத் தடவுங்க. நுரை கிளம்பும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் குறி வைங்க.

3. ஆணி எந்தச் சாய்வில் போயிருக்குன்னு பார்த்துக்கிட்டுக் குறடால் பிடுங்குங்க. அதே சாய்வில் முறுக்கு ஊசியை ஐந்தாறு தடவை விட்டு எடுங்க.

4. ஊசிக் காதில் திரியைப் பாதி வரை கோர்த்து, சொல்யூஷன் தடவி, இரண்டு முனையும் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே நிற்கும்வரை அழுத்துங்க. பிறகு ஊசியை மட்டும் நேராக வெடுக்குன்னு இழுங்க. திரி உள்ளேயே நிற்கும்.

5. நீட்டியிருப்பதைப் பிளேடால் அறுத்துவிட்டு, டிரைவர் கதவோரத் தகட்டில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றடிங்க. மறுபடி நுரை வருதான்னு பாருங்க.

ஜாக்கி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு தடவை மழை பெய்த வரப்போரத்தில் ஜாக்கியை வைத்தேன். மண்ணில் ஒரு பக்கம் இறங்கி, கார் சரிந்து விழுந்தது. கையை எடுத்து ஒரு நொடிகூட ஆகலை. இப்போ டிக்கியில் எப்பவும் ஒரு தடிப் பலகை கிடக்கு. ஜாக்கிக்கு அடியில் போட. பாரத்தை இறக்கின பிறகுதான் தூக்கணும். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கணும். தூக்கிய காருக்கு அடியில் உடம்பை விடவே கூடாது.

வெளியிலிருந்து வைத்த திரி அவசரத்துக்குத்தான். மெதுவா ஓட்டி வேலையை முடிச்சுட்டு, ஓரிரு நாளில் கடையில் டயரைக் கழற்றி உள்பக்கம் பார்த்து ஒட்டு போட்டுக்குங்க. டிராக்டர், டிரெய்லர் மாதிரி டியூப் உள்ள டயருக்கு இந்தத் திரி ஆகாது. அதுக்கு டியூபை வெளியே எடுத்து ஒட்டணும்.

அப்புறம், வாரம் ஒரு முறை காற்று பாருங்க. ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான்!