நன்றியறிதல்: லூக்காவின் எழுத்துக்களில் ஆறு இடங்கள்

ஞாயிறு ஆராதனையில் காணிக்கைக்குச் சற்று முன்னர், நம் சபைகள் பலவற்றில் ஒரு பட்டியல் வாசிக்கப்படுகிறது. பிறந்த நாள், திருமண நாள், தேர்வில் வெற்றி, புதிய வேலை, புதுமனை புகுதல், நோயினின்று சுகம் ஆகியவற்றிற்காக ஸ்தோத்திரக் காணிக்கை படைப்போரின் பெயர்கள் அதில் இடம்பெறுகின்றன. இவ்வழக்கம் நல்லது. பெற்ற நன்மையைச் சபை நடுவே அறிக்கையிடுவது திருமறைக்கு இசைந்த செயலே. ஆயினும் அதே நேரத்தில், தேர்வில் தோற்ற மகனுடைய தகப்பனும், சென்ற வாரம் கணவனை அடக்கம் செய்த பெண்ணும் அவ்வாலயத்தில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் கையில் காணிக்கை உறை இல்லை. நன்றி என்பது நற்பேறு பெற்றோருக்கு மட்டும் உரிய மொழியா என்னும் வினா அவர்கள் உள்ளத்தில் எழுவது இயல்பு.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கடல் பொங்கி நம் கரையோர ஊர்களில் புகுந்தது. உயிர் தப்பிய ஒருவர், “ஆண்டவர் என்னைக் காத்தார்” என்று சாட்சி கூறினால் அது உண்மையான ஸ்தோத்திரமே. ஆனால் கடலுக்குத் தன் குழந்தையைப் பறிகொடுத்த தாய் அச்சாட்சியைக் கேட்கும்போது, “அப்படியானால் என் பிள்ளையை அவர் ஏன் காக்கவில்லை?” என்று அவள் நெஞ்சம் கேளாதிருக்குமா? நன்றியைப் போதிக்கும் குருவானவர் இக்கேள்வியைத் தவிர்த்துச் செல்ல இயலாது. இதற்கு விடை தேடுமுன், நன்றி என்று திருமறை எதைக் குறிக்கிறது என்பதை நாம் ஆராய வேண்டும்.

1. சொல்லும் பொருளும்

பழைய ஏற்பாட்டில் நன்றி செலுத்துதலைக் குறிக்கும் ‘தோதா’ என்னும் எபிரெயச் சொல், அறிக்கையிடுதல், புகழ்தல் என்னும் பொருள்களையும் உடையது. நன்றி கூறுதலுக்கென்று தனிச்சொல் எபிரெய மொழியில் இல்லை என்பதையும், சங்கீதங்களில் நன்றி என்பது கடவுளின் செயலைப் பிறர் அறிய அறிக்கையிடும் புகழ்ச்சியே என்பதையும், 1954ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் கிளாஸ் வெஸ்டர்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் விளக்கினார். நம் தமிழ்த் திருமறையில் வழங்கும் ‘ஸ்தோத்திரம்’ என்னும் சொல்லும் அடிப்படையில் புகழுரையையே குறிக்கும். எனவே நன்றியையும் துதியையும் ஒரே சொல்லால் கூறும் தமிழ்ச்சபை, தன்னை அறியாமலேயே எபிரெய மரபுக்கு நெருங்கி நிற்கிறது.

புதிய ஏற்பாட்டின் சொல் ‘யூகரிஸ்தெயோ’ என்பது. இதன் வேர் ‘காரிஸ்’, அதாவது கிருபை. கிரேக்கத்தில் கிருபைக்கும் நன்றிக்கும் இச்சொல் ஒன்றே வழங்கக் காண்கிறோம். கொடுப்பவரிடம் அது கிருபை. பெற்றவனிடம் அது நன்றி.

தமிழில் ‘நன்றி’ என்பதற்கு முதற்பொருள் நன்மை என்பதாகும். திருக்குறளின் பதினோராம் அதிகாரம் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர் பெற்றது. பிறர் செய்த நன்மையை அறிதலே அறம். அதை மறத்தலே குற்றம். இங்கு நன்றி ஓர் உணர்ச்சியாக அன்று, ஓர் அறிவாகக் கருதப்படுகிறது. உபாகமம் 8ஆம் அதிகாரமும் இதையே வலியுறுத்துகிறது. உண்டு நிறைவடைந்து, நல்ல வீடு கட்டிக் குடியிருக்கும் நாளில் ஆண்டவரை மறவாதபடி எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்பது மோசேயின் போதனை. பசியிருக்கும்போது அன்று, வயிறு நிறைந்திருக்கும்போதே மறதி வருகிறது. ரோமர் 1:21இல் மனிதகுலத்தின் வீழ்ச்சியை விவரிக்கும் பவுலும், கடவுளை அறிந்தும் அவரை மகிமைப்படுத்தாமலும் அவருக்கு நன்றி செலுத்தாமலும் இருந்ததையே அதன் தொடக்கமாகக் காண்கிறார்.

2. லூக்காவின் ஆறு இடங்கள்

‘யூகரிஸ்தெயோ’ என்னும் வினைச்சொல் லூக்கா நற்செய்தியில் நான்கு முறையும், அப்போஸ்தலர் நடபடிகளில் இருமுறையும் வருகிறது. இவ்வாறு இடங்களையும் வரிசையாக நோக்கினால் நன்றியைப் பற்றிய தெளிவான ஒரு போதனை கிடைக்கும்.

முதலாவது, 17:16. பத்துக் குஷ்டரோகிகள் தூரத்தில் நின்று ஆண்டவரைக் கூப்பிட்டனர். ஆசாரியரிடம் சென்று காண்பிக்கும்படி அவர் கட்டளையிட்டார். போகையில் அவர்கள் சுத்தமானார்கள். ஒன்பது பேரும் கீழ்ப்படியாதவர் அல்லர். கட்டளைப்படியே அவர்கள் சென்றனர். சமாரியன் ஒருவன் மட்டும், தான் சுகமானதைக் கண்டு, திரும்பி வந்தான். காண்பதும் திரும்புவதுமே இங்கு நன்றியின் இரு படிகளாகும். மற்ற ஒன்பது பேரும் கொடையைப் பெற்றுக்கொண்டு வழியே போயினர். இவன் கொடையைக் கண்டு கொடையாளரிடம் வந்தான். பதின்மரும் சுத்தமானார்கள், எனினும் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்னும் சொல்லைக் கேட்டவன் இவன் ஒருவனே.

இந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்னர், 17:9இல், வேலை முடித்து வந்த ஊழியனுக்கு எஜமான் நன்றி கூறுவதுண்டோ என்று ஆண்டவர் வினவுகிறார். இவ்விரு பகுதிகளும் அருகருகே நிற்பதை நாம் கவனித்தல் வேண்டும். கடவுள் நமக்குக் கடன்பட்டவர் அல்லர், நாமே கடன்பட்டவர்கள். பொன்னாடையையும் பாராட்டுரையையும் எதிர்பார்த்துச் சோர்வடையும் திருப்பணியாளருக்கு இது ஆழ்ந்த மருந்தாகும்.

இரண்டாவது இடம் நம்மை அதிர வைக்கிறது. 18:11இல் தேவாலயத்தில் நின்று ஜெபித்த பரிசேயன் பயன்படுத்தும் சொல்லும் இதுவே. மற்ற மனிதரைப் போல் இராததற்காக அவன் கடவுளுக்கு நன்றி கூறுகிறான். இலக்கண அளவில் அவன் ஜெபம் பிழையற்ற ஸ்தோத்திரமே. ஆனால் அவன் தன் நன்மையை அயலானுடைய குறையைக் கொண்டு அளக்கிறான். ஒப்பீட்டில் பிறக்கும் நன்றி நன்றியன்று, தற்புகழ்ச்சியே. “கண்ணில்லாதவரைப் பார், நமக்குக் கண் கொடுத்தாரே” என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும்போது, அறியாமலேயே இப்பரிசேயனின் பள்ளியில் அவர்களைச் சேர்த்துவிடுகிறோம். அவ்வகுப்பிலேயே பார்வையற்ற பிள்ளை ஒன்று இருந்தால் அது எதற்காக நன்றி கூறும்?

மூன்றாவதும் நான்காவதும் 22:17, 19. கடைசி இராப்போஜனத்தில் ஆண்டவர் பாத்திரத்தை எடுத்தும் அப்பத்தை எடுத்தும் நன்றி செலுத்துகிறார். காட்டிக்கொடுப்பவனின் கை அதே பந்தியில் இருக்கிறது. சிலுவை சில மணி நேரத் தொலைவில் உள்ளது. காட்டிக்கொடுத்தலுக்காக அவர் நன்றி கூறவில்லை. காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இராத்திரியில் நன்றி கூறினார். திருவிருந்திற்கு ‘யூகரிஸ்தியா’, அதாவது நன்றிப்படையல், என்னும் பெயரைத் தொடக்கச் சபை வழங்கியதன் ஆழம் இதுவே. சபையின் தலையாய நன்றி, பிட்கப்பட்ட அப்பத்தின் மீது செலுத்தப்படுகிறது.

ஐந்தாவது, அப்போஸ்தலர் 27:35. புயலில் அகப்பட்ட கப்பலில் பதினான்காம் நாள் விடியும் வேளை. 276 பேர் உணவின்றித் தவிக்கின்றனர். பவுல் அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாகக் கடவுளுக்கு நன்றி செலுத்திப் புசிக்கிறார். கரை இன்னும் சேரவில்லை. காற்று இன்னும் அடங்கவில்லை. அவருடைய நன்றி பிறருக்குத் திடம் அளித்தது; அவர்களும் உண்டனர்.

ஆறாவது, 28:15. ரோமாபுரிக்குக் கைதியாய்ச் செல்லும் பவுல், தம்மை எதிர்கொள்ள வந்த சகோதரரைக் கண்டதும் கடவுளுக்கு நன்றி செலுத்தித் தைரியம் அடைகிறார். விலங்கு அகன்றுவிடவில்லை. எனினும் வழியில் சந்தித்த மனித முகங்களே அவருக்கு நன்றிப்பொருளாயின.

3. ‘எல்லாவற்றிலேயும்’

மேற்கண்ட தாயின் வினாவிற்கு இப்போது திரும்புவோம். 1 தெசலோனிக்கேயர் 5:18இல் பவுல் ஸ்தோத்திரம் செய்யச் சொல்வது ‘எல்லாவற்றிலேயும்’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பு கூறுகிறது. இவ்வேழாம் வேற்றுமை கிரேக்க மூலத்திற்கு இசைந்தது. எந்த நிலையிலும் நன்றி கூறுக என்பதே கருத்து. எபேசியர் 5:20இல் ‘எல்லாவற்றிற்காகவும்’ என்று வருவது மெய்யே. ஆயினும் அதே அதிகாரம் இருளின் செயல்களைக் கடிந்துகொள்ளுமாறும் கட்டளையிடுகிறது. கடிந்துகொள்ள வேண்டிய தீமைக்காகவும் நன்றி கூறுக என்று ஒரே அதிகாரம் கற்பிக்குமோ? ஆகவே பிள்ளையை இழந்த தாயிடம், அவ்விழப்பிற்காக நன்றி கூறும்படி நாம் கேட்கலாகாது. அது ஆறுதல் அன்று, கொடுமை. யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாதிருந்தபோது நன்றாகவே ஊழியம் செய்தனர். வாய் திறந்த பின்னரே தவறினர்.

சங்கீதங்களில் புலம்பலும் நன்றியும் பகைகள் அல்ல. 22ஆம் சங்கீதம் கைவிடப்பட்டவனின் கூக்குரலில் தொடங்கிச் சபை நடுவே துதிப்பதில் முடிகிறது. அத்தாய் புலம்பட்டும். அவள் துதிக்க இயலாத நாட்களில் சபை அவளுக்காகத் துதியைச் சுமக்கட்டும். உயிர் தப்பியவரின் சாட்சி, “என்னைத் தேர்ந்து காத்தார்” என்று முடியாமல், “காக்கப்பட்ட இவ்வுயிரை உங்களோடு பகிர வந்தேன்” என்று முடியுமாயின், அச்சாட்சி அவளைக் காயப்படுத்தாது.

4. பகிர்வும் நீதியும்

லேவியராகமம் 7ஆம் அதிகாரத்தில் ஸ்தோத்திரபலிக்குரிய ஒழுங்கு ஒன்று உண்டு. பலியோடு, நம் மொழிபெயர்ப்பு ‘அதிரசங்கள்’ என்று அழகாகக் கூறும் பணியாரங்களும் படைக்கப்பட வேண்டும். பலியின் மாம்சமோ அன்றே புசிக்கப்பட வேண்டும்; விடியுமட்டும் ஒன்றும் மீதி இருத்தல் கூடாது. ஒரு குடும்பம் ஒரே நாளில் அத்தனையையும் உண்டு தீர்ப்பது அரிது. அயலாரை அழைத்தே ஆக வேண்டும். சேர்த்துவைக்க இயலாத பலியே ஸ்தோத்திரபலி. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமாபுரியில் எழுதிய இரத்தசாட்சி ஜஸ்டின், ஞாயிறு வழிபாட்டில் நடத்துநர் நன்றி மன்றாட்டு ஏறெடுக்க மக்கள் ஆமென் கூறுவதையும், பின்னர் சேர்ந்த காணிக்கையால் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோர் ஆதரிக்கப்படுவதையும் விவரிக்கிறார். நம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எலுமிச்சம்பழத்திற்குப் பெருந்தொகை கேட்பவரின் பெயர் முழங்குகிறது. அத்தொகை யாரைச் சென்றடைகிறது என்று கேட்பதும் ஸ்தோத்திரத்தின் ஒரு பகுதியே.

1563இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை, மனிதனின் அவலம், மீட்பு, நன்றி என்னும் மூன்று பகுதிகளை உடையது. பத்துக் கட்டளைகளும் ஆண்டவர் கற்பித்த ஜெபமும் அதில் நன்றி என்னும் மூன்றாம் பகுதியில் வைக்கப்பட்டுள்ளன. கீழ்ப்படிதல் மீட்பைச் சம்பாதிக்கும் வழியன்று. மீட்கப்பட்டவனின் நன்றியே கீழ்ப்படிதல்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. அப்போஸ்தலர் 24:3இல் தெர்த்துல்லு என்னும் நியாயவாதி, தேசாதிபதி பேலிக்ஸிடம் நன்றியறிதலைப் பற்றிப் பேசுகிறான். ‘யூகரிஸ்தியா’ என்னும் பெயர்ச்சொல்லை லூக்கா வழங்குவது இங்கு மட்டுமே. அது முகத்துதி, அதன் நோக்கம் குற்றமற்றவனைத் தண்டனைக்கு உள்ளாக்குதல். திருக்குறளில் செய்ந்நன்றி அறிதலை அடுத்து நடுவுநிலைமை அமைந்திருப்பதற்குப் பரிமேலழகர் காரணம் கூறுகிறார். நன்மை செய்தவரை எண்ணும்போது நடுவுநிலை சிதையக்கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பது அவர் கருத்து. சபைத் தேர்தல்களிலும் நியமனங்களிலும் ‘நன்றிக்கடன்’ என்னும் பெயரால் நீதி வளைக்கப்படும்போது நாம் தெர்த்துல்லுவின் வரிசையில் நிற்கிறோம். மனிதருக்கு நன்றி கூறுதல் நம் கடமையே. ரோமர் 16:4இல் பவுல் பிரிஸ்கில்லாளுக்கும் ஆக்கில்லாவுக்கும் நன்றி கூறுகிறார். ஆனால் கடவுளுக்குரிய நன்றி எல்லா மனிதக் கடப்பாட்டையும் அதனதன் எல்லையில் நிறுத்துகிறது.

5. அன்றாடப் பயிற்சி

நன்றி அறிவாயின், அறிவைப் போலவே அதுவும் பயிற்சியால் வளரும். சில எளிய வழிகளைக் கூறலாம்.

உணவுக்குமுன் ஜெபிக்கையில், அவ்வுணவை விளைவித்தவரையும் சமைத்தவரையும் நினைந்து ஜெபித்தல். சமைத்தவர் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்களே. ஜெபம் முடிந்தபின் அவர்களுக்கும் ஒரு சொல் கூறலாம். ஒவ்வொரு வேளையும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென எடுத்துவைக்கும் பழக்கம் மிசோரம் சபைகளில் இன்றும் உயிருள்ளது; நம் ஊர்களிலும் பிடியரிசிக் காணிக்கை அறியப்படாததன்று. பட்டியலில் ஏறாத இக்காணிக்கை, அடுப்பங்கரையையே பலிபீடம் ஆக்குகிறது.

இரவில் படுக்குமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தல் மற்றொரு பயிற்சி. சமாரியன் கண்டு திரும்பியதுபோல, அன்று பெற்ற நன்மை ஒன்றையாவது கண்டு, அதைக் கொடுத்தவரிடம் திரும்புதல். வீட்டில் வேலை செய்பவரின் கூலியை மறுநாள்வரை வைத்திராமல் கொடுத்தலும் (லேவியராகமம் 19:13) ஸ்தோத்திரமே.

குருவானவருக்குச் சிறப்பாக ஒன்று. ஸ்தோத்திரப் பட்டியலை வாசித்தபின் சற்று அமைதி காத்து, இவ்வாரம் நன்றி கூற இயலாமல் வந்திருப்போருக்காகவும் ஜெபிக்கலாம். தொகையைக் குறிப்பிடாமல் விடலாம். கையில் உறையின்றி அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணும் திருவிருந்துப் பந்திக்கு வருவாள். அவள் வெறுங்கையில் பிட்கப்பட்ட அப்பம் வைக்கப்படும். அவள் கூற இயலாத நன்றியை, காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியில் அவளுக்காகவும் ஏறெடுத்தவர் அங்கே இருக்கிறார்.