வாலை ஒளிக்கும் கிருமி

ஒரே உயிரணு, அதன் முனையில் சாட்டை போன்ற வால். அவ்வாலைச் சுழற்றி நீந்தும் நுண்ணுயிர்கள் பல நமக்குத் தீங்கற்றவை. ஆனால் அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் கிராமம் கிராமமாக மக்களை மாய்த்த காலா ஆஸார் என்னும் கருங்காய்ச்சலின் கிருமியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

1903-ம் வருஷத்தில் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் டானவன் அக்கிருமியை நோயாளியின் மண்ணீரலில் கண்டார். ஆங்கு அது வெளியே நீண்ட வாலின்றி, உருண்டையாய்க் கிடந்தது. மறு வருஷம் டாக்டர் ராஜர்ஸ் கல்கத்தாவில் அதை உடற்சூட்டினும் குறைந்த சூட்டில் வளர்த்தார். என்ன விந்தை! வால் முளைத்துவிட்டது! அப்படியாயின், மனித உடலைத் தவிர அதற்கு வேறோர் இருப்பிடமும் உண்டன்றோ? அது மணல் ஈயின் வயிறே என்பதும், அந்த ஈ கடிப்பதாலேயே நோய் பரவுகிறது என்பதும் 1942-ல் ஐயமற நிலைநாட்டப்பெற்றன.

அதற்கு வெகு முன்பே, குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் இல்லாத கல்கத்தாச் சிற்றறையொன்றில் உழைத்த உபேந்திரநாத் பிரம்மசாரி, யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தைக் கண்டு எண்ணற்ற உயிர்களைக் காத்தார்.

மருந்து நோயாளியைக் காக்கும். ஊரைக் காப்பது சுத்தமே. மண்சுவரின் வெடிப்பிலும் தொழுவத்தின் ஈரத்திலும் மணல் ஈ பதுங்குகிறது. வெடிப்பைப் பூசுவோம், குப்பையை அகற்றுவோம். வாலுள்ள பகைவனுக்கு வீட்டில் இடமேது?