புதிய வாத்து வளவுக்குள் வரும்போது

1985ஆம் ஆண்டு வீடுகள் எரிக்கப்பட்டு வெளியேறிய திரியாய்ச் சனம், திரும்பி வந்தபோது வெறும் வளவுக்குத்தான் வந்தது. மாடு வாங்கக் காசு வேண்டும், காடு பற்றிய வயலைத் திருத்த நாள் வேண்டும். அதுவரை கைச்செலவுக்கு உதவுவது வளவில் மேயும் கோழியும் தாராவும் வாத்தும்தான். இன்னும் உறவினர் வளவில் ஒதுங்கியிருக்கும் குடும்பங்களுக்கும் இதுவே நிலை. அப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்த பத்து உயிர் ஒரே கிழமையில் போய்விட்டால், மறுபடி தொடங்க ஒரு வருடம் செல்லும்.

வாத்து என்று இங்கே சொல்வது தாராவை அல்ல. புல்லை மேய்ந்தே வளரும், கழுத்து நீண்ட பெரிய பறவையை. நாலைந்து வாத்து நிற்கும் இடத்தில் இன்னும் இரண்டைச் சேர்க்க விரும்புவது நியாயமான ஆசை. நானும் ஒருமுறை இரண்டை வாங்கி, சாக்கில் கொண்டுவந்து, பொழுதுபடும் நேரத்தில் பழையவற்றின் நடுவே அவிழ்த்து விட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் புதிய பெட்டை ஒன்று வேலியோரம் ஒடுங்கிக் கிடந்தது. முதுகுச் சிறகு பிடுங்கப்பட்டு இரத்தம் கசிந்தது. அது தப்பிவிட்டது. ஆனால் இரண்டு கிழமைக்குள் கோழிகள் பச்சையாய்க் கழிந்து, கழுத்து முறுகி, ஒவ்வொன்றாய்ச் சாகத் தொடங்கின. வாத்துக்கு ஒன்றுமில்லை!

காரணம் இதுதான். ராணிக்கேட் நோயின் கிருமி வாத்தின் உடலில் பெரும்பாலும் வெளித்தெரியாமல் இருக்கும். எச்சத்தோடு வெளியேறிக் கோழியைக் கொல்லும். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் அடையாளம் காணப்பட்டதால் நியூகாசில் நோய் என்பதும் இதையே. தாராக் கொள்ளைநோய் வேறொன்று. 1923இல் நெதர்லாந்திலும், 1963இல் மேற்கு வங்கத்திலும் கண்டறியப்பட்ட இந்நோய், தாராவோடு வாத்தையும் கொல்லும். அதிலிருந்து தப்பிய பறவை சுகமாய்த் தெரிந்தாலும் கிருமியைச் சுமந்து திரியும். குளத்து நீரும் அதைப் பரப்பும். ஆகவே பறவை துடிப்பாய் நிற்கிறது என்று விற்பவர் சொல்வது போதாது.

புதியவற்றை மூன்று கிழமை தனியே வையுங்கள். வளவின் மறுகோடியில் கிடுகு வேலியடைத்த ஒரு மூலை போதும். தீனிச் சட்டியும் தண்ணீர்ச் சட்டியும் வேறாக இருக்கட்டும். தினமும் பழையவற்றுக்குத் தீனி வைத்த பிறகே புதியவற்றிடம் போங்கள். திரும்பி வந்து கைகாலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இந்த வரிசை தலைகீழானால் தனியே வைத்ததில் பயனில்லை. கண்ணில் நீர், கழிச்சல், சோர்வு ஏதும் கண்டால் மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள். கோழிகளுக்கு ராணிக்கேட் தடுப்பூசியும் அவரிடமே கேட்டுப் போடுங்கள். தண்ணீர்ச் சட்டி வாத்தின் தலை முழுதும் அமிழும் ஆழமாக இருக்க வேண்டும். கண்ணையும் மூக்கையும் அது அப்படித்தான் கழுவிக்கொள்ளும்.

நோயில்லை என்று தெரிந்தபின் சண்டையைப் பற்றி யோசிக்கலாம். வாத்துகள் சோடியாகவும் குடும்பமாகவும் வாழ்பவை. முகம் மறப்பவை அல்ல. ஒரு கிழமை நடுவே கம்பிவலை மட்டும் இருக்கட்டும். அப்பால் நின்று பார்த்துக் கத்திப் பழகட்டும். பிறகு இரு பகுதியையும் காலை வேளையில், விசாலமான புற்றரையில் சேர்த்து விடுங்கள். கூட்டுக்குள் விடாதீர்கள், அது பழையவற்றின் ஆட்சி. சிறு தொட்டியிலும் விடாதீர்கள், பலமுள்ள ஆண் மற்றதை நீருக்குள் அமுக்கிவிடும். தீனியை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். கழுத்தை நீட்டிச் சீறுவதும் துரத்துவதும் சில நாள் இருக்கும். அதில் நாம் தலையிடத் தேவையில்லை. இரத்தம் வந்தால், அல்லது ஒன்று தீனிக்கே வரப் பயந்தால், மறுபடி பிரியுங்கள்.

முட்டையிட்டு அடைகாக்கும் காலத்தில் எதையும் சேர்க்க வேண்டாம். அப்போது ஆண் வாத்து வீட்டுக்காரரையே விரட்டும். சிறகு மூட்டால் அடித்தால் நமக்கே நோகும். மூன்று நான்கு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். இரண்டாவது ஆணை வாங்குவதற்குச் செலவழிக்கும் காசில் பெட்டை ஒன்று வாங்குங்கள்.

காசு குறைவானவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஏறக்குறைய முப்பது நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்த தாயின் கீழ், நோயற்ற வளவிலிருந்து பெற்ற ஓரிரு நாள் வயதுக் குஞ்சுகளை இருட்டியபின் மெதுவாகத் தள்ளி வையுங்கள். விடிந்ததும் அருகில் இருந்து பாருங்கள். கொத்தாமல் சிறகுக்குள் சேர்த்துக்கொண்டால் பயமில்லை, ஆண் வாத்தும் அவற்றைத் தன்னுடையவையாகவே காவல் காக்கும்.