ஆவணிச் சந்தையில் ஒரு ஜோடி மாடு

கோலார் என்றதும் தங்கச் சுரங்கம்தான் நினைவுக்கு வருகிறது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. அந்த மண்ணின் இன்னொரு செல்வம், பங்காருபேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களின் தொழுவங்களில் இன்றும் அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது: ஹள்ளிக்கார் மாடு.

அதைப் பார்க்க வேண்டுமானால் முளபாகல் தாலுகாவிலுள்ள ஆவணி என்ற ஊருக்குப் போக வேண்டும். நுளம்பர் காலத்து ராமலிங்கேஸ்வரர் கோயில் உள்ள ஊர். மகா சிவராத்திரியை ஒட்டி அங்கே மாட்டுச் சந்தை கூடும். கேழ்வரகு களத்தைவிட்டு வீடு சேர்ந்து, கையில் கொஞ்சம் காசு புரளும் காலம் அது. அடுத்த உழவுக்கு நாள் இருப்பதால், வாங்கிய காளைகளை ஏருக்குப் பழக்கவும் அவகாசம் கிடைக்கும்.

சாம்பல் நிறம், நீண்ட முகம், உச்சியில் நெருங்கி முளைத்துப் பின்னோக்கி ஓடும் கொம்பு. இது உழைப்புக்கான இனம். மைசூர் அரசின் புகழ்பெற்ற அம்ரித் மஹால் மாடுகள் இதன் வழி வந்தவையே. திப்பு சுல்தான் படையில் பீரங்கி இழுத்தவை அவை.

மாடு பிடிக்க வருபவர் முதலில் பல்லைப் பார்ப்பார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கீழ்த்தாடையில் எட்டு. ஏறக்குறைய இரண்டு வயதில் நடுவிலிருக்கும் இரண்டு பால்பற்கள் விழுந்து அகலமான நிலைப்பற்கள் முளைக்கும். பிறகு நாலு, ஆறு என்று ஏறி, நாலரை வயதுவாக்கில் எட்டும் சேர்ந்துவிடும். உதட்டை விலக்கிய நொடியில் வயது தெரிந்துவிடும். அடுத்து சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். விலை பேசுவது துண்டுக்கு அடியில். தரகர் விரல்களைப் பிடித்து அழுத்துவதுதான் பேரம். ஒரு விரல் நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்ததுமே இருவருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

டிராக்டர் வந்ததும் ஏர்மாட்டுத் தேவை சுருங்கியது. 2022-இல் தோல் கழலை நோய் பரவியபோது கர்நாடகத்தில் மாட்டுச் சந்தைகளுக்கே தடை விதித்தார்கள். நோயைத் தடுக்க அது தேவைதான். ஆனால் சந்தை நின்றுபோனால் இனமும் நிலைக்காது என்பதை மறக்கக் கூடாது. பால் குறைவாகக் கறக்கும் ஹள்ளிக்கார் பசுவை உழவர் கட்டிக் காப்பதே, அது ஈனும் காளைக்கன்றுக்கு நல்ல விலை வரும் என்ற நம்பிக்கையில்தான். அந்த விலை கிடைக்கும் இடம் சந்தை.

அந்தப் பக்கம் இருப்பவர்கள் அடுத்த சிவராத்திரிக்குப் பிள்ளைகளை ஆவணிக்கு அழைத்துப் போங்கள். பல் பார்க்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டால் எந்த உழவரும் மறுக்க மாட்டார்.