மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்

2022 ஜூன் மாதம், கல்கிசையில் காலி வீதியோரம் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவுகள் நின்றேன். முன்னால் நின்ற சிங்கள இளைஞர் ஒருவர் பேச்சுவாக்கில் கேட்டார்: “அங்கிள், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினீர்களாமே, என்னுடைய வண்டியும் அப்படி ஓடுமா?” ஓடாது என்றேன். ஏன் ஓடாது, அன்று எப்படி ஓடியது என்பதை விளக்க நிறையவே நேரம் இருந்தது. அதை இங்கே எழுதிவைக்கிறேன். அந்த வேலையைக் கையால் செய்தவர்கள் இப்போது ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள், உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடு, கொள்ளை விலையில் கிடைத்தது. விளக்கும் அதில்தான் எரிந்தது, வாகனமும் அதில்தான் ஓடியது.

அப்போது யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் நிறைய இருந்தன. எங்கள் வீட்டிலும் ஓர் ஏ40 இருந்தது. 1200 சிசி, நான்கு சிலிண்டர், நாற்பது குதிரை வலு. பிஸ்டன் மேலே வரும்போது கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக அமுக்கும். இந்தக் குறைந்த அமுக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது.

பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடு கண்டால்தான் ஆவியாகும். ஆவியாகாத எண்ணெய் பொறி பட்டாலும் சரியாக எரியாது. அதனால் குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் எழுப்ப முடியாது. இன்னொரு சிக்கல் ஒக்டேன். மண்ணெண்ணெயில் அது மிகக் குறைவு. அதிகம் அமுக்கினால் பொறி வந்து முடியுமுன்னே கலவை தானாக வெடித்து பிஸ்டனைத் தட்டும். ஏழுக்கு ஒன்று அமுக்கும் எஞ்சின் இதை ஓரளவு தாங்கும். பத்துக்கு ஒன்று அமுக்கும் இன்றைய எஞ்சின் தாங்காது. அதன் இன்ஜெக்டரும் சென்சரும் வேறு பழுதாகும். அந்த இளைஞருக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

அப்பா செய்தது இது. பொனற்றுக்குள் ஒரு சிறு தகர டப்பாவில் அரைப் போத்தல் பெற்றோல், அதற்கொரு தனிக்குழாய். பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளி வைத்திருந்தார், தட்டும் சத்தம் குறைய. நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, காபரேட்டரில் மிஞ்சிய மண்ணெண்ணெயை எரித்துவிட வேண்டும். மறந்தால் அடுத்தநாள் காலை தள்ளித் தள்ளிக் களைக்க வேண்டியதுதான்.

இது யாழ்ப்பாணத்தின் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போரை அடுத்து வந்த பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இதே முறையில் பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் உழுதது. ஆனால் அதைத் தொழிற்சாலையிலேயே அதற்கென்று வடிவமைத்தார்கள். எங்கள் கார்களை அப்படி யாரும் வடிவமைக்கவில்லை.

அதற்கான விலையை எஞ்சின் கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு, ரிங் இடுக்கால் கீழே வடியும். சுவர் தேயும். கீழே எஞ்சின் ஒயில் தண்ணீராகும், பேரிங் தேயும். ஒயில் மாற்றலாம் என்றால் ஒயிலும் இல்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி வீதியில் இறங்கியது. நடக்க முடியாத அம்மம்மாவையும் அயலவர்களின் நான்கு பிள்ளைகளையும் காரில் ஏற்றினோம். நானும் அம்மாவும் பக்கத்தில் நடந்தோம். கார் அடியடியாகத்தான் நகர்ந்தது. பெற்றோல் ஒரு முறை ஸ்ரார்ட் செய்யும் அளவுதான் இருந்தது. நிறுத்தினால் மறுபடி எழாது. மெதுவாக ஓடும்போது எஞ்சின் சூடு இறங்கி பிளக்கில் கரி படியும். நாவற்குழிப் பாலத்துக்கு வருமுன்பே ஒரு சிலிண்டர் செத்துவிட்டது. மிச்ச மூன்றில், மழைக்குள், அப்பா அக்சிலறேற்றரில் இருந்து காலை எடுக்காமல் விடியும்வரை ஓட்டினார்.

2002இல் ஏ9 திறந்தபின் அந்தக் கார் லொறியில் கொழும்பு வந்தது. கல்கிசை வீட்டில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது. அப்பா போன பிறகுதான், கடந்த வருடம், பக்கத்துக் கராஜ் பாஸிடம் கொண்டுபோனேன்.

பழைய எஞ்சினில் பிழை தேட மூன்று கேள்விகள் போதும்: பொறி வருகிறதா, எரிபொருள் வருகிறதா, அமுக்கம் இருக்கிறதா? பாஸ் முதலில் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். இளம் மண்ணிறம் என்றால் நலம். காய்ந்த கரி என்றால் எரிபொருள் அதிகம். எண்ணெய் ஈரம் என்றால் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. எங்களுடையதில் ஒன்று ஈரமாக இருந்தது. பிறகு அமுக்கமானியை வைத்தார். மூன்று சிலிண்டர்கள் ஏறத்தாழ 100 இறாத்தல் காட்டின, ஒன்று 60. அந்த ஒன்றுக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் அளந்தார். 90க்கு ஏறியது. ஏறினால் பிழை ரிங்கில் அல்லது சுவரில், ஏறாவிட்டால் வால்வில். அருகருகே இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கஸ்கற் எரிந்திருக்கலாம்.

திறந்து பார்த்ததும், “இது என்ன எண்ணெயில் ஓடிய வண்டி?” என்றார். சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எங்களுக்கு அது தெரியாது மாத்தயா” என்றார். அமுக்கம் குறைந்தது, அன்றிரவு செத்த அதே சிலிண்டர். ஓர் இரவில் அப்படித் தேயாது. ஐந்து வருடத் தேய்மானம் அது. அந்த இரவும் அதற்குள் இருக்கிறது.

சிலிண்டர்களைக் கடைந்து, பெரிய அளவு பிஸ்டன் போட்டு, கிராங்கை அரைத்து, புது பேரிங் வைத்தோம். பாகங்கள் தேடிப் பஞ்சிகாவத்தையில் பல நாள் அலைந்தேன். கனடாவில் இருக்கும் மைத்துனர் பழைய அமெரிக்கக் கார்ப் பிரியர், தொலைபேசியில் ஆலோசனை சொன்னார். அவர் சொல்லும் 1964 பொன்டியாக் ஜீரிஓவில் 6.4 லீற்றர், எட்டு சிலிண்டர். பிழை தேடும் கேள்விகள் அதற்கும் இதே மூன்றுதான். ஆனால் அது பத்துக்கு மேல் அமுக்கும், உயர்ந்த ஒக்டேன் கேட்கும். எங்கள் மண்ணெண்ணெயை அதற்கு ஊற்றியிருந்தால் பிஸ்டன் தப்பியிருக்காது. பலம் குறைந்த எஞ்சின் என்பதால்தான் எங்களைச் சுமந்தது.

உங்கள் வீட்டிலும் அந்தக் காலத்துக் காரோ மோட்டார் சைக்கிளோ கிடந்தால், உடனே ஸ்ரார்ட் செய்யாதீர்கள். முதலில் ஒயிலை மாற்றுங்கள், அமுக்கத்தை அளந்து பாருங்கள். இரும்புக்கடைக்குக் கொடுக்குமுன், அதை ஓட்டியவரிடம் அல்லது திருத்தியவரிடம், எந்த வருடம் எதில் ஓடியது, யாரை ஏற்றியது என்று கேட்டு எழுதி வையுங்கள். நான் அப்பாவிடம் கேட்காமல் விட்டவை நிறைய.