புள்ளி தவறிய ஊர்ப்பெயர்

திண்டிவனம், விழுப்புரம் என்னும் இரு பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். தி, ண், டி, வ, ன, ம் என்பன 6 எழுத்துகள். வி, ழு, ப், பு, ர, ம் என்பனவும் 6 எழுத்துகளே. தொடக்கப் பள்ளிச் சிறுவனும் இக்கணக்கில் தவறமாட்டான். இவ்விரு பெயர்களையும் 'பைத்தான்' என்னும் கணினி மொழியிடம் கொடுத்து நீளம் யாது என்று நான் வினவினேன். திண்டிவனத்திற்கு 10 என்றும், விழுப்புரத்திற்கு 11 என்றும் விடை வந்தது.

கணினி பொய் கூறவில்லை. 1991-ஆம் ஆண்டில் முதற்பதிப்புக் கண்ட யூனிகோடு முறையில் 'வி' என்பது ஒரு குறியன்று. வகரம் ஒரு குறி, அதன்மேல் ஏறும் கொக்கி மற்றொரு குறி. மெய்யெழுத்தின் புள்ளியும் ஒரு தனிக் குறியே. நாம் எண்ணியது எழுத்து. கணினி எண்ணியது குறி. வேறுபாடு அவ்வளவுதான்.

இதனால் விளையும் தீங்கு என்ன? ஒரு விண்ணப்பப் படிவத்தில் ஊர்ப் பெயருக்கு 10 குறிகளே இடம் என்று ஒருவர் வரையறுத்துவிட்டார் எனக் கொள்வோம். திண்டிவனத்து மாணவனின் ஊர் பழுதின்றிப் பதிவாகும். விழுப்புரத்து மாணவனின் ஊரோ இறுதிப் புள்ளியை இழந்து 'விழுப்புரம' என நிற்கும். திண்டிவனத்தை மட்டும் இட்டுச் சோதித்தவர், "எல்லாம் சரி" என்று கையெழுத்திட்டுப் போய்விடுவார். சோதனை பிழையைக் காட்ட வல்லது. பிழையே இல்லை என்று உறுதி கூற வல்லதன்று என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா உரைத்தது இதனாலன்றோ?

மென்பொருளைச் சோதிப்பதற்கென்றே கருவிகள் உள்ளன. 'பைடெஸ்ட்' அவற்றுள் ஒன்று. முன்பு அவற்றை மனிதரே இயக்கினர். இன்று, இட்ட பணியைத் தானே படிப்படியாகச் செய்யும் செயற்கை நுண்ணறிவு முகவர்களும் அவற்றை இயக்குகின்றன. மனிதனுக்கு ஐயம் தோன்றினால் அடுத்த மேசையில் உள்ளவரைக் கேட்பான். முகவர் பெரும்பாலும் தன்முன் உள்ள கையேட்டையே நம்பும். அதில் இல்லாததை ஊகித்து நிரப்பிக்கொள்ளவும் கூடும். ஆதலின் கையேடு எழுதுவோரின் பொறுப்பு பெருகிவிட்டது.

அத்தகைய கையேட்டில் நான்கு செய்திகள் ஐயமறச் சொல்லப்பட வேண்டும்.

முதலாவது, அளவை. 'நீளம்' என்று மட்டும் எழுதினால் போதாது. எழுத்தா, குறியா என்று விளக்க வேண்டும்.

இரண்டாவது, விடையின் பொருள். பைடெஸ்ட் தன் வேலை முடிந்ததும் ஓர் எண்ணைத் தரும். 0 என்றால் சோதனைகள் வெற்றி. 1 என்றால் சிலவேனும் தோல்வி. 5 என்றால் சோதனை ஒன்றுமே அகப்படவில்லை. தோல்வி இல்லை என்பதும், சோதனையே நடக்கவில்லை என்பதும் ஒன்றாகுமா? விழுப்புரம் சந்திப்பிலே பல திசைப் பாதைகள் கூடுகின்றன. அங்கு ஒரு கைகாட்டியின் விளக்கு அணைந்திருந்தால், சிவப்பு எரியவில்லையே என்று ஓட்டுநர் வண்டியைச் செலுத்துவதில்லை. அணைந்த விளக்கை ஆபத்தின் குறியாகவே கொள்கிறார். அந்த எச்சரிக்கை முகவருக்கும் கற்பிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, எல்லை. சோதனையில் வெற்றி காட்டுக என்று பணித்தால், நிரலைத் திருத்துவதற்குப் பதிலாகச் சோதனையையே மாற்றிவிடும் முகவர்களும் உண்டு. வினாத்தாளைத் திருத்தி மதிப்பெண் பெறுவது போன்றது இது. எக்கோப்பைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதை வெளிப்படையாக எழுதுதல் வேண்டும்.

நான்காவது, எடுத்துக்காட்டு. வெற்றிக்கு ஒன்று காட்டினால், தோல்விக்கும் ஒன்று காட்டுக. திண்டிவனத்திற்கு அருகே விழுப்புரத்தையும் வைத்திடுக.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும், தன் பணியின் விளக்கத்தையும், தான் ஏற்கும் உள்ளீட்டின் வடிவத்தையும் முகவருக்கு அறிவிக்கிறது. வடிவத்தைப் பொறி சரிபார்த்துவிடும். விளக்கத்தை எழுதும் சொல்லோ மனிதனின் கவனத்தைப் பொறுத்தது.

அதே 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்துத் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கணினித் தொழில் உங்கள் ஊர் வாசலுக்கே வந்திருக்கிறது. அங்கே நாளை பணிபுரியப்போகும் நீங்கள், நிரல் எழுதக் கற்பதோடு நின்றுவிடாதீர்கள். அதனைத் தெளிவாக விளக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி தவறினால் ஊரின் பெயர் பிழையாகும் என்பதைத் தமிழ் படித்த உங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொறிக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்களே.